எழுத்தாணியை விடாத அரசு

கழக்கூட்டம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது 1990இல் உருவான டெக்னோபார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்கு அடுத்தாற்போலவே, காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில், கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. ஏறத்தாழ 30,000 கட்டுகள், அவற்றுக்குள் 65,000 அளவில் நூல்கள் என்று அதன் இருப்பைச் சொல்வது வழக்கம். பெரும்பாலானவை ஓலை. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருப்பவை இதற்குச் சேராத தனிக் கணக்கு. அவை திருவிதாங்கூர் அரசும் பத்மநாபசுவாமி கோயிலும் எழுதிக் குவித்த வரவுசெலவுகளும் ஆணைகளும் நிலக் கணக்குகளும். எல்லாம் ஓலையில், ஆயிரம் ஏடு வரை கொள்ளும் சுருணைகளாகச் சுற்றி வைக்கப்பட்டவை. இவ்வளவு ஓலையைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். அரபு வணிகர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் என்று தாளில் எழுதுவோர் இந்தக் கரையில் பல நூற்றாண்டுகளாக நடமாடியிருக்க, 19ஆம் நூற்றாண்டிலும் ஓர் அரசு ஏன் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை? பழமைப் பற்று என்பது வழக்கமான பதில். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அந்தப் பதில் நிற்பதில்லை. ஓலையைத் தாங்கி நின்றவை அதைச் சுற்றியிருந்த கருவிகளும், அவற்றைச் செய்துகொடுத்த கைகளும். அந்தக் கருவிகளால் முடியாத வேலைகளை அரசு கேட்கத் தொடங்கிய பிறகே தாளுக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கருவிகள் எவை என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை எவ்வளவு எளியவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓலை இரண்டு மரங்களிலிருந்து வந்தது. ஒன்று நாட்டுப்பனை, அதன் ஏடு குறுகலானது, தடிப்பானது. மற்றொன்று மலையாளிகள் குடப்பனை என்று சொல்லும் தாளிப்பனை; அதன் ஏடு அகலமாகவும் மெல்லியதாகவும் வளையும் தன்மையோடும் இருக்கும். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துச் சாகும் மரம் அது. முற்றாத ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பாடம் செய்து, வழவழப்பான கல்லாலோ சோழியாலோ தேய்த்து மெருகேற்றி, ஓரம் வார்ந்து ஒரே அளவாக்குவார்கள். எழுதும் கருவியைக் கொல்லன் அடித்துக் கொடுத்தான். தமிழ் வழக்கில் அதற்கே பல வகை உண்டு. தலைப்பக்கம் கனத்து உருண்டிருப்பது குண்டெழுத்தாணி. ஓலை வாருவதற்கான கத்தியும் எழுதுவதற்கான முனையும் சேர்ந்து உறைக்குள் போவது வாரெழுத்தாணி. இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொள்ளத் தோதானது மடக்கெழுத்தாணி. மலையாளத்தில் இந்தக் கருவி நாராயம். எழுதுபவர் இடது பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் தாங்கிக்கொள்வார்; வலக்கை அதிகம் நகராது, இடக்கையே ஏட்டை நகர்த்திக்கொண்டு போகும். கீறிய கோட்டில் நிறம் கிடையாது. மஞ்சள், கரி, ஊமத்தை இலைச்சாறு, கோவை இலைச்சாறு போன்றவற்றைக் கலந்து தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கருமை தங்கும். இதை மையாடல் என்பார்கள். பிறகு துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சியோ கம்பியோ செருகி, மற்றொன்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். கயிறு துளை வழியே உருவிப் போய்விடாமல் அதன் நுனியில் ஓலைத்துண்டைக் கத்தரித்து முடிந்திருப்பார்கள்; அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். பூச்சி அண்டாதிருக்க வசம்பு, மலையாள நாட்டில் புல்தைலம். இந்தப் பட்டியலில் ஒன்றுகூடக் கப்பலில் வர வேண்டியதில்லை. தோட்டத்தில் மரம், தெருவில் கொல்லன், அடுக்களையில் கரி, வேலியில் ஊமத்தை. இன்று தாள்வேலைக்கும் ஒட்டுப்படப் புத்தகத்துக்கும் கடையில் தேடி வாங்கும் வெட்டி, துளைப்பான், கயிறு, அட்டை என்ற வரிசைக்கு நேரான எல்லாமும் அதில் இருந்தன, பசை ஒன்றைத் தவிர.

பசை இல்லாதது குறையன்று. அதுவே அந்தக் கட்டின் இயல்பைத் தீர்மானித்தது. தைத்து ஒட்டிய புத்தகத்தில் ஓர் இதழைச் சேர்ப்பதும் எடுப்பதும் சேதம் விளைவிக்கும் வேலை. கயிற்றில் கோத்த கட்டில் அவிழ்த்தால் போதும். வீட்டுக் கட்டுகளில் சோதிடமும் மருந்துக் குறிப்பும் தோத்திரமும் கடன் கணக்கும் பக்கத்தில் பக்கமாகக் கிடப்பது இதனால்தான். காரியவட்டத்து எண்ணிக்கையே ஒரு சான்று: கட்டுகளைவிட நூல்கள் இரு மடங்குக்கு மேல். சராசரி என்பது முரட்டு அளவுகோல்தான், ஒரே காவியம் ஒரு கட்டை நிறைத்திருப்பதும் உண்டு. ஆனாலும் கட்டு என்பது ஒரு நூலின் உடலாக இல்லாமல், சேர்ப்பவரின் தேவைக்கேற்ப வளர்ந்த தொகுப்பாக இருந்தது என்பதை அந்த எண் மறைக்கவில்லை. நூலைத் தேடி வரும் அறிஞருக்கு இது தொல்லை. வைத்திருந்த குடும்பத்துக்கோ, இதைவிட வசதியான ஒன்று வேறெதுவும் இல்லை.

ஏட்டைவிடக் கருவியே முக்கியம் என்ற என் வாதத்துக்கு வெளியிலிருந்தும் ஆதாரம் உண்டு. வங்கத்திலும் நேபாளத்திலும் பனை வகை ஓலையில்தான் நெடுங்காலம் எழுதினார்கள், ஆனால் நாணற்பேனாவாலும் மையாலும். தென்னாட்டிலும் ஒடிசாவிலும் இலங்கையிலும் கீறினார்கள். ஏடு ஏறத்தாழ ஒன்றே, கைவேலை முற்றிலும் வேறு. நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும், ஆகவே தென்னாட்டு எழுத்துகள் வட்டமாயின என்ற புகழ்பெற்ற விளக்கத்தையும் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. தமிழ் எழுத்திலேயே நேர்கோடுகளுக்குப் பஞ்சமில்லை. க, ட, ப எல்லாம் எழுத்தாணியால் பல நூற்றாண்டு எழுதப்பட்டவைதான். எழுத்தாணி உண்மையில் விழுங்கியது வேறு ஒன்றை: புள்ளியை. குத்தினால் ஏடு துளைபடும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளி ஏடுகளில் பெரும்பாலும் விடுபட்டது, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் கலங்கியது. வீரமாமுனிவர் அதைச் சீர்செய்ய முனைந்தது 18ஆம் நூற்றாண்டில்.

இன்னும் வலுவான ஒப்பீடு தஞ்சாவூர். 1670களில் அங்கே அமர்ந்த மராட்டிய அரசு தன் மோடி எழுத்து ஆவணங்களைத் தாளில் எழுதியது. அவை பெருந்தொகையாகச் சரசுவதி மகாலில் கிடக்கின்றன. அதே நூலகத்தில், அதே காலத்துத் தமிழ் ஏடுகளும் ஓலையில் இருக்கின்றன. தஞ்சையில் பனை குறைந்தா போயிற்று? இல்லை. தக்காணத்தில் தௌலதாபாத்தை ஒட்டிய காகசிபுரா போன்ற ஊர்களில் தாள் செய்வதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எழுத்தர்கள் தங்கள் பேனாவையும் மைக்கூட்டையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணமும் பனைநாடுதான், ஆனாலும் டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவான தோம்பு தாளில் எழுதப்பட்டது. எழுத வந்தவன் எந்தப் பெட்டியைத் திறந்தானோ அதற்கேற்றபடி ஆவணம் அமைந்தது, மரம் கையெட்டும் தூரத்தில் இருந்தாலும். திருவிதாங்கூரில் அப்படி ஒரு வெளிப்பெட்டி வந்து அரண்மனையில் உட்காரவில்லை. தாள் செய்யும் குடிகள் அங்கே வேரூன்றவில்லை, கணக்கெழுதியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

கழக்கூட்டத்தின் பெயர் இந்தக் கதைக்குள் வருவது ஒரு சண்டையின் வழியாக. பத்மநாபசுவாமி கோயிலின் நிலங்களையும் வரியையும் கையில் வைத்திருந்த எட்டுவீட்டில் பிள்ளைமார்களுள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா அவர்களை ஒடுக்கி, வீடுகளை இடித்துக் குளம் தோண்டியதாக மரபு சொல்கிறது. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, சி. வி. ராமன் பிள்ளையின் 1891 நாவல் அந்த நினைவைத் தன் வண்ணத்தில் நிலைநிறுத்திவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சண்டைக்குப் பின் நடந்தது கதையன்று. கொல்லம் 914இல், அதாவது 1739 வாக்கில், பள்ளியாடி மல்லன் சங்கரன் தலைமையில் நிலமெல்லாம் கண்டெழுதப்பட்டு ஒழுகு என்னும் பதிவேடு உருவானது. ஒவ்வொரு துண்டும் எல்லையும் பாட்டம் என்னும் குத்தகையும் சொற்களால் ஓலையில் இறங்கின. 1750 சனவரியில் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்த திருப்படித்தானமும் ஓலை மரபிலேயே பதிவானது. கோயில் கணக்கு யார் கையில் என்பதுதான் அந்தச் சண்டையின் உள்ளுறை என்றால், வென்றவர் செய்த முதல் வேலை அந்தக் கணக்கைப் புதிதாக எழுதியது. கணக்கை எழுதும் முறையை அவர் மாற்றவில்லை.

பழமைப் பற்று என்பவர்களுக்கு இதே அரசர்தான் முதல் பதில். 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையிலிருந்து வந்த டிலனாயைக் கொண்டு தன் படையை ஐரோப்பிய முறையில் பழக்கியவர் அவர்; உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கப்பட்டது. துப்பாக்கியை மாற்றத் தயங்காதவர் எழுத்தாணியை மாற்றாததற்குப் பக்தியைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை. அடுத்த நூற்றாண்டின் சான்று இன்னும் கூர்மையானது. 1811 முதல் 1814 வரை கர்னல் மன்றோ, ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்துகொண்டே திவானாகவும் ஆண்டார். நிர்வாகத்தைக் கும்பினி முறைக்குத் திருப்பியவர் அவர். அவர் காலத்து விதித்தொகுப்பின் பெயரே சட்டவரியோலை. ஸ்காட்லாந்துக்காரரின் சட்டமும் ஓலையில் இறங்கித்தான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் மறுமுனையில் படிப்பவனும் படியெடுப்பவனும் கையில் வைத்திருந்தது நாராயம். பத்திரம் எழுத முத்திரை குத்திய ஓலை வழங்கப்பட்ட காலமும் இருந்தது. அரசு வருவாய்க்காகக் கொண்டுவந்த புதுமைகூடத் தாளுக்கு ஓடாமல் ஓலைமேலேயே ஏறிக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசர் சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் ஆங்கிலப் பள்ளியும் 1837இல் வானாய்வுக்கூடமும் திருவனந்தபுரத்தில் வந்தன. வானாய்வுக்கூடத்தின் தலைவர் கால்டிகாட்டின் வானியல் அளவீடுகள் தாளிலும், அதே ஊரின் நெல் கணக்கு ஓலையிலுமாக இரு மரபுகள் உரசாமல் பக்கத்தில் பக்கமாக நடந்தன. எழுதுவோரும் வேறு, படிப்போரும் வேறு.

தாளின் பக்கம் எவ்வளவு பாரம் இருந்தது என்பதற்குத் தமிழகத்திலேயே பழைய சாட்சி உண்டு. தரங்கம்பாடியில் 1710களில் அச்சுக்கூடம் நிறுவிய சீகன்பால்குவின் மிஷன், தாள் தட்டுப்பாட்டால் பொறையாரில் தாள் ஆலை ஒன்றையே கட்ட வேண்டியதாயிற்று. அது நிலைத்து ஓடவில்லை. எழுத்தாணி பிடிப்பவனுக்கு ஆலை தேவைப்பட்டதில்லை. திருவிதாங்கூரில் அச்சு வந்ததும் அரண்மனை வழியாக வரவில்லை: 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் தமிழில் அச்சிட்டது, கோட்டயத்தில் 1821இல் பெஞ்சமின் பெய்லி அச்சகம் தொடங்கி மலையாள எழுத்துகளைத் தாமே வார்த்தார். கடல்கடந்து தாளை வரவழைக்க மிஷனுக்குக் காசும் காரணமும் இருந்தன. கிராமத்து வரி அலுவலரான பார்வத்தியக்காரருக்கு இரண்டும் இல்லை.

அப்படியானால் எது மாற்றியது? 1888இல் கல்லடையாற்றங்கரையில் எழுந்த புனலூர் தாள் ஆலை என்று சொல்லத் தோன்றும். வழங்கல்தான் காரணம் என்று வாதிடும் எனக்கு அது வசதியான பதிலும்கூட. ஆனால் காலம் ஒத்துப்போகவில்லை; ஆலை வருவதற்கு முன்பே அலுவலகங்கள் தாள் பக்கம் சாய்ந்துவிட்டன. ஆகவே என் வாதத்தின் ஒரு பாதி, அதாவது கிடைக்கும் எளிமை, ஓலை நீடித்ததை விளக்குகிறது; அது வீழ்ந்ததை விளக்க மறுபாதி வேண்டும். அந்த மறுபாதி வரைபடத்தில் தொடங்குகிறது. 1816க்கும் 1820க்கும் இடையில் கும்பினி அளவையாளர்களான வார்டும் கானரும் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து வரைந்தார்கள். நான்கு விரல் அகல ஏட்டில் ஒரு தாலுகாவின் வரைபடத்தைக் கீற வழியில்லை. 1739இன் ஒழுகு எல்லையைச் சொல்லால் சொன்னது. 1883இல் தொடங்கி 1911 வரை நடந்த அளவீடும் தீர்வையும் எல்லையைச் சங்கிலியால் அளந்து கோட்டால் காட்டின. அந்தக் கோடு ஓலைக்கு எட்டாதது. கட்டம் கட்டிய அச்சுப் படிவமும் அப்படித்தான்: ஒரே வடிவத்தில் நூறு ஊர்களிலிருந்து வரும் பதில்களை ஒரே பக்கத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்ட ஓர் அரசுக்குச் சுருணை உதவாது. மூன்றாவது, தைத்த பதிவேடு. அவிழ்த்துச் சேர்க்கவும் எடுக்கவும் முடிந்ததே கட்டின் வசதி என்று முன்பு சொன்னேன். குடும்பத்துக்கு வசதியான அந்தக் கயிறே தணிக்கைக்காரனுக்குச் சந்தேகம். பக்க எண்ணிட்டுத் தைத்த ஏட்டில் ஓர் இதழ் போனால் தையல் காட்டிக்கொடுக்கும். ஓலையிலும் எண் இட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிட்ட புது ஏட்டை எழுதிப் பழையதன் இடத்தில் கோத்துவிட ஓர் எழுத்தாணியும் ஒரு பகற்பொழுதும் போதுமே.

இதற்கு வரக்கூடிய நியாயமான மறுப்பு ஒன்றுண்டு: தாள் சிறந்ததால் வென்றது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாமே, கருவி, கயிறு என்று ஏன் சுற்ற வேண்டும்? எதற்குச் சிறந்தது என்று கேட்டால் அந்தச் சுருக்கம் உடையும். நீடிப்பதற்கா? மலையாள நாட்டு ஈரமும் செல்லும் இரண்டையும் தின்னும். ஆனால் நன்றாகப் பாடம் செய்து எண்ணெயிட்ட ஏடு முந்நூறு ஆண்டு தாங்குவதும், 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவிய மரக்கூழ்த் தாள் நூறாண்டில் பழுத்து நொறுங்குவதும் காப்பகங்களில் கண்கூடு. ஓலைக் கீறல் நனைந்தாலும் கரையாது, மறுபடி மையாடிப் படிக்கலாம். விரைவுக்கா? அதில் பேனாவுக்கே வெற்றி, மறுக்க முடியாது. விலைக்கா? தோட்டத்து ஓலையோடு சீமைத் தாள் போட்டியிட முடியாத காலம் நெடியது. ஆக, தாளின் மேன்மை என்பது படம், படிவம், பதிவேடு ஆகியவற்றை வேண்டும் ஓர் அலுவலகம் உருவான பிறகு தோன்றிய மேன்மை. அந்த அலுவலகம் தேவைப்படாத இடங்களில் ஓலை பின்னும் தொடர்ந்தது. சாதகம் ஓலையில் கணித்தார்கள். நிலத்தெழுத்து ஆசான்கள் குழந்தைகளுக்கு ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். திருவிதாங்கூரின் சொந்த அஞ்சல் துறை, 1888இல் சங்கு பொறித்த அஞ்சல்தலை வெளியிட்ட பிறகும், சுருட்டிக் கட்டிய ஓலைக் கடிதங்களைச் சுமந்தது.

ஓலையை அரசு கைவிட்ட அந்தக் காலத்திலேயே அதைச் சேகரிக்கும் ஆர்வம் எழுந்ததை முரண் என்று சொல்ல வேண்டியதில்லை; அன்றாட வேலையிலிருந்து விலகிய பொருளே சேகரிப்புக்கு உரியதாகிறது. 1905இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசை தொடங்கியது. அதன் பதிப்பாசிரியர் கணபதி சாஸ்திரிகள் பத்மநாபபுரத்தை ஒட்டிய மணலிக்கரை மடத்தில் கண்டெடுத்து, பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் எழுதியவை என்று 1912 முதல் பதிப்பித்த நாடகங்கள் உலகப் புகழ் பெற்றன. அவை பாசனுடையவைதாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஏடுகள் மலையாள எழுத்தில், தாளிப்பனை ஓலையில் எழுதப்பட்டவை. இத்தகைய தேடல்களிலிருந்து வளர்ந்த சேகரிப்புதான் பின்னர் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து இன்று காரியவட்டத்தில் இருக்கிறது. 2022 இறுதியில் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அரசு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இந்த நிறுவனங்களின் பட்டியல்கள் நூலின் பெயரால், ஆசிரியரின் பெயரால் அமைந்தவை, அது பதிப்பாளருக்குத் தேவையான முறை. ஆனால் ஒரு கட்டில் எந்த நூலுக்குப் பின் எது கோக்கப்பட்டது, சட்டம் என்ன மரம், துளைகள் எவ்வளவு இடைவெளியில், ஓரத்தில் செருகிய கடன் குறிப்பு யாருடைய கை என்பவை அந்தப் பட்டியலின் கண்ணில் படுவதில்லை. ஏடுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பணி நடந்துவரும் இப்போது, ஒவ்வொரு கட்டும் அவிழ்க்கப்படுகிறது. எழுத்து படத்தில் வந்துவிடும். கோத்த வரிசையையும் துளையின் இடத்தையும் சட்டத்தின் அளவையும் அவிழ்ப்பவர் அப்போதே குறித்துக்கொண்டால் மட்டுமே, கருவிகளின் வரலாற்றை எழுத நினைப்பவருக்குச் சான்று மிஞ்சும்.